முழங்கை ஆழம்

அவன் கையை நீரில் விட்டான்.

முழங்கை நனைந்தது. உள்ளங்கை தெரிந்தது. ஐந்து விரலும் தெரிந்தன. கட்டைவிரலில் அரிவாள் பட்ட தழும்புகூடத் தெரிந்தது.

மீன் குளத்தில் அப்படித் தெரியக் கூடாது.

முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைய வேண்டும். மறைந்தால் நீரில் பச்சை இருக்கிறது. பச்சை என்பது பாசி. பாசியைத் தின்னும் பொடிப் பூச்சி. கட்லாக் குஞ்சு அந்தப் பூச்சியைத் தின்றுதான் உடம்பு வைக்கும். தவிடு எவ்வளவு கொட்டினாலும் அதற்கு ஈடில்லை.

கை தெரிந்தால் சாணி கரைத்து ஊற்ற வேண்டும். மறைந்தால் நிறுத்த வேண்டும்.

அவ்வளவுதான் வேலை.

அவன் சாணி ஊற்றி மாதக்கணக்கில் ஆகிவிட்டது. பழைய நீரை இறைத்துவிட்டு போர்த் தண்ணீர் மட்டும் விட்டான். கரையோரம் தரை தெரிந்தது. நத்தை ஊர்ந்த தடம் தெரிந்தது. விடிந்ததும் வந்து தரையைப் பார்ப்பான். அதில் எதுவும் இருக்காது. போய்விடுவான்.

இன்று வலைக்காரர் அமலதாஸ் வந்து ஒரு வீச்சு வீசிப் பார்த்தார். வலையில் வந்ததெல்லாம் தலை. உடம்பு வாழைச்சருகு மாதிரி ஒட்டிக் கிடந்தது.

"என்ன மாப்ள, மீனுக்கு விரதமா? தண்ணிய குடிக்கவா வச்சிருக்க?"

அவன் நீருக்கடியில் தரையையே பார்த்தான்.

"இப்புடியே வுட்டீன்னா ஆடியத் தாண்டாது. அம்புட்டும் மெதக்கும்."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். வலையை உதறாமலே தோளில் போட்டுக்கொண்டு வரப்பேறினார்.

அன்று குளத்தில் இறங்கித் தேடியவர்களில் அவரும் ஒருவர்.

அப்போது இந்த வட்டாரத்திலேயே இதுதான் நல்ல பச்சை. பார்க்க ஆட்கள் வந்தார்கள். என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். அவன் சிரிப்பான்.

தன்ஷிகாவைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

அவன் கை விடும்போது அவளும் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கை விடுவாள். ஐந்து வயதுக் கை. முழங்கை நனைந்தாலும் அது ஆழம் போகாது. உள்ளங்கை தெரியத்தான் செய்யும்.

"தெரியுதுப்பா! ஊத்து!"

அவன் கை எப்போதோ மறைந்திருக்கும். இருந்தாலும் ஊற்றுவான். ஒரு வாளிதானே. அவள் கை தட்டுவாள்.

பச்சை ஏறிக்கொண்டே போனது.

ஒரு மதியம் அவள் தனியாகக் கை விட்டுப் பார்க்க வந்திருக்கிறாள்.

ஆண்கள் கைகோத்து வரிசையாக நடந்தார்கள். மார்பளவு நீர். அவரவர் இடுப்பு அவரவருக்கே தெரியவில்லை. கண்ணால் ஒன்றும் ஆகவில்லை. காலால் துழாவினார்கள்.

அமலதாஸின் கால்தான் கண்டது.

அந்த மாதம் மீன் நன்றாக வளர்ந்திருந்தது.

பின்னால் வாளி வைக்கும் சத்தம். அவன் திரும்பவில்லை. தன்ஷிகாவின் அம்மா செண்பகவல்லி. அவனிடம் கேட்காமலே சாணி கரைத்து எடுத்து வந்திருந்தாள். கரையில் நின்றவள் நெடுநேரம் மீனைப் பார்த்தாள். தெளிந்த நீரில் ஒவ்வொன்றும் தெரிந்தது. வாயைத் திறந்து திறந்து மூடின.

"மீனு என்னங்க பண்ணுச்சு?"

அவன் கை நீரிலேயே இருந்தது.

அவள் வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஊற்றவில்லை. தெரியுது என்று சொல்லாமல் இந்தக் குளத்தில் ஊற்றியதில்லை. அதைச் சொல்ல வேண்டிய மகள் இல்லை.

அவள் காத்திருந்தாள். சாணித் தண்ணீர் சேலையில் வழிந்தது.

அவன் கையைக் கொஞ்சம் மேலே இழுத்தான். முழங்கை வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம். மணிக்கட்டுக்கு மேல் நாலு விரல் அளவில் நிறுத்தினான்.

தன்ஷிகாவின் கை அவ்வளவுதான் போகும்.

"தெரியுது" என்றான்.

செண்பகவல்லி வாளியைச் சாய்த்தாள்.

கலங்கல் மெல்லப் பரவி வந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

முதலில் சுண்டுவிரல் போயிற்று.