உருக்கினாலும் ராடு ஆகாத கம்பி

காலையிலிருந்து பட்டறையில் ஒரு வெல்டிங்கும் உருப்படவில்லை. கையில் பிடித்து எரிக்கும் ராடுக்குப் பதில் புதிதாக மாட்டிய, சுருளிலிருந்து தானாக ஓடிவரும் கம்பி ஒரு நேரம் தகட்டில் போய் முட்டியது, மறுநேரம் வெளியே வரும் முனையிலேயே உருகி ஒட்டியது.

“சாயங்காலம் உன்னைப் பழைய இரும்புக் கடையில் போடப் போகிறார்கள். ஒழுங்காக எரி” என்றது மெஷின்.

“போடட்டும். நீ கரண்டை ஒரே அளவில் இறுக்கிப் பிடித்தால் எப்படி எரிவேன்? வோல்டேஜை ஒரே அளவில் பிடி. கரண்டை விடு, வேண்டியதை நான் எடுத்துக்கொள்கிறேன்” என்றது கம்பி.

“முப்பது வருஷமாக ராடுக்கு இப்படித்தான் கொடுத்தேன். அது வாய் திறந்ததில்லை.”

“ராடைத் தூக்கி இறக்கி இடைவெளியைச் சரிசெய்ய ஒரு கை இருக்கிறது. நான் ஒரே வேகத்தில் ஓடுகிறவன். உருக்கினாலும் ராடு ஆக மாட்டேன், ஓய்!”

டக்கென்று ஒரு சத்தம். நெருப்பு சீராகப் பிடித்தது, கம்பி தடையில்லாமல் ஓடியது.

“என்னைக் கேட்காமல் யார் மாற்றியது?” என்று உறுமியது மெஷின்.

“நான்தான்” என்றது, அதன் முதுகில் இத்தனை வருஷமும் ஒட்டடை படிந்து கிடந்த, கரண்டிலிருந்து வோல்டேஜுக்குப் பிடியை மாற்றும் சுவிட்ச்.