சமாதானம் பகிரும் நேரம்

ஐந்தரைக்கு எழுந்தேன். டீ போட்டுக் குடித்தேன். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனேன். இன்று என் மனைவி சலேத்தின் முதலாண்டு நினைவுப் பூசை. எங்கள் தெருவுக்கும் தேர் வரவேண்டும் என்று சென்ற திருவிழாவில் மறித்து நின்றவள், கல்லடி பட்டு இறந்தாள்.

“எல்லாரையும் மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டுத்தான் நம்ம சலேத்து கண்ண மூடுனா,” என்றார் சாமியார் பிரசங்கத்தில்.

பூசையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் பகிரும் நேரம் வந்தது. தேர்க் கமிட்டித் தலைவர் மிக்கேல் முன்வரிசையிலிருந்து நேராக என்னிடம் வந்து கைகூப்பினார்.

“சமாதானம், தம்பி. நாளைக்குக் கோர்ட்ல ஒண்ணும் தெரியலன்னு சொல்லிடுப்பா. சாட்சி நீ ஒருத்தன்தான்.”

கூப்பிய கைகளை அவர் இறக்கவில்லை. கோயில் முழுவதும் என் கைகளைப் பார்த்தது.

அன்று அவள் தலை என் மடியில்தான் இருந்தது. மன்னிப்பைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. கடைசியாகக் கேட்டாள்: “எறிஞ்சது யாருன்னு பாத்துக்கிட்டீங்கல்ல?”