சாகிறவள் பேசும் மூன்று பக்கம்

கதாநாயகி கட்டிலில் சாய்ந்து இருமத் தொடங்கினாள்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. தான் வசனம் எழுதிய படங்களில் அவர் பார்ப்பது ஜனங்களின் முகத்தைத்தான். பெஞ்சு வரிசையில் முந்தானைகள் கண்ணுக்குப் போயின.

நூறாவது நாள். இன்னும் அழுகிறார்கள்.

பக்கத்தில் பூங்கோதை, அவருடைய பன்னிரண்டு வயது மகள். அவள் மட்டும் அழவில்லை.

சாகப்போகிறவள் மூன்று பக்கம் பேசுவாளா? அந்த நாள் ஸ்டூடியோவில் அப்படிக் கேட்பவருக்கு மறுநாள் வேலை இருக்காது. இன்னும் கொஞ்சம் உருக்கமாகக் கொடுங்கள் என்றுதான் முதலாளி கேட்டார். இவரும் செட்டிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். காமிராவுக்குப் பின்னால் நின்று, அந்த நடிகைக்கு வரி வரியாக எடுத்தும் கொடுத்தார்.

ஒன்பது டேக்.

செட் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால், டேக் முடியும்வரை யாரும் கதவைத் தொடக் கூடாது. அன்று வீட்டிலிருந்து அவரைக் கூப்பிட ஓடி வந்த மைத்துனன் அந்த விளக்கின் கீழேயே நின்றிருந்தான்.

அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது, மனைவியின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

கடைசியில் அவளோடு இருந்தது மகள் மட்டும்தான். அம்மா என்ன சொன்னாள் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. பயம்.

காரியம் முடிந்த மறுநாள், முதலாளியிடம் கெஞ்சி அந்தக் காட்சியின் முடிவில் ஒரே ஒரு வரி சேர்த்தார்.

‘உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அத்தான்.’

அதைக் கேட்கத்தான் பதினேழாவது தடவையாக வந்திருக்கிறார். இன்றைக்கு மகளையும் அழைத்து வந்தார். அவளும் ஒருமுறை கேட்டுவிட்டால் தன் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தார்.

பூங்கோதை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“அம்மா இவ்ளோ பேசலப்பா. தண்ணிதான் கேட்டுச்சு. நான் மொண்டுகிட்டு வர்றதுக்குள்ள கண்ணு நின்னுடுச்சு.”

இத்தனை மாதமாக அவளை யாரும் கேட்டிருக்கவில்லை.

திரையில் அரைப் பக்கம் பாக்கி இருந்தது. பின்வரிசையில் யாரோ விம்மினார்கள்.

கதாநாயகி கணவனின் கையைப் பிடித்தாள். அடுத்தது அந்த வரி.

அவர் மகளின் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்தினார்.