மஞ்சள் பெட்டி

சால்வையின் குறுக்கே கத்தரிக்கோல் பாதி தூரம் போன பிறகுதான், அது பழைய துணி இல்லை என்பது மெக்கானிக்குக்கு உறைத்தது. அவர் மனைவி போன மாதம் ஆசை ஆசையாக வாங்கிய மஞ்சள் சால்வை. எங்காவது வெளியே போகும்போதுதான் போட்டுக்கொள்வேன் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

ஊரில் பாதி லிஃப்டுகள் அவர் கைபட்டால்தான் ஏறும், இறங்கும். அப்பேர்ப்பட்ட கையில் இப்போது சால்வை இரண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த ஐந்து வயது வாண்டு அதை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“இது பழைய துணிதானே?”

“இப்போ பழசாயிடுச்சு” என்றார் அவர்.

சமையலறையில் பாத்திரம் உருண்டது. அவர் பூனை மாதிரி எழுந்து போய் அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார்.

காலையில் ஒரு போன் வந்தது. பேசி முடித்த கையோடு, இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டார். ஜுரம் அடித்தாலும் லீவு போடாத மனுஷனுக்கு என்ன வந்தது என்று மனைவி அதிசயமாகப் பார்த்தாள். அவர் வாண்டோடு அறைக்குள் புகுந்துகொண்டார்.

அம்மாவுக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்பது வாண்டின் உத்தரவு. கடையில் வாங்கக் கூடாது, தன் கையாலேயே செய்ய வேண்டும். சீப்பும் ஹேர்பின்னும் போட்டு வைக்க ஒரு பெட்டி. துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்று பரண்மேல் கிடைத்தது. அவருடைய கிழிந்த யூனிஃபார்மிலிருந்து பித்தான்களை அறுத்தார்கள். உடைந்த பவுடர் டப்பாவிலிருந்த வட்டக் கண்ணாடியை மூடியின் உள்பக்கம் ஒட்டினார்கள். ஒட்டியதில் டப்பாவைவிட அவர் விரல்கள்தான் அதிகம் ஒட்டிக்கொண்டன.

வெளியே சுற்ற மஞ்சள் துணிதான் வேண்டும் என்று வாண்டு ஒற்றைக்காலில் நின்றாள். குட்டிப் பாப்பாவாக இருந்தபோது அவள் போட்ட மஞ்சள் கவுன் ஒன்று உண்டாம். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்குமாம். அதை வெட்டி ஒட்டலாமாம்.

அவர் அலமாரியை ஒப்புக்குத் துழாவினார். அதில் அவளுக்குச் சின்னதாகிப் போன துணி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு இவள் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்வதில்லை என முடிவு கட்டியிருந்தார். கைக்கு அகப்பட்ட மஞ்சளை உருவிக்கொண்டு வந்துவிட்டார்.

“சமையலறைல சொல்லிட்டீங்களா?” என்று வாண்டு கிசுகிசுத்தாள்.

“இன்னும் இல்ல. நானே சொல்லிக்கிறேன். நீ மட்டும் வாயைத் திறந்துடாதே, என்ன?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான் அவர் சமையலறைக்குப் போனார். மனைவி கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே, வாண்டுக்குப் பெரிய பையாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், கூடவே ஷூவும் வாங்கிவிடலாம் என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். பேச்சோடு பேச்சாக ஒரு துண்டு கேரட்டை அவர் வாயில் திணித்தாள். வாய் நிறைய கேரட்டும், சொல்ல வந்ததுமாக அவர் திரும்பி வந்துவிட்டார்.

இன்னொரு தடவை போனார். அந்தத் தடவை அவள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இவளிடம் எந்த வாயால் சொல்வது? தண்ணீர் குடிக்க வந்தவர்போல ஒரு டம்ளர் குடித்துவிட்டு நழுவினார்.

டப்பாவைச் சுற்றி மஞ்சள் துணி ஏறியது. பித்தான்கள் வரிசையும் இல்லாமல் கோணலும் இல்லாமல் ஏறின. இந்தப் பசை இன்றைக்குக் காயாமலே இருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. பாழாய்ப்போன பசை, மற்ற நாளெல்லாம் மணிக்கணக்கில் பிசுபிசுக்கும், இன்றைக்கென்று பட்டென்று பிடித்துக்கொண்டது.

வாண்டு கைதட்டினாள். அந்தச் சத்தத்தில் கதவு திறந்தது.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தரையெல்லாம் சிதறிக் கிடந்த மஞ்சள் துண்டுகளைப் பார்த்தாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. சால்வைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டால்கூடப் பரவாயில்லை, இவள் திட்டிக்கொண்டே இருந்தால் நல்லது என்று தோன்றியது.

அவள் திட்டவில்லை. மெல்ல உட்கார்ந்து பெட்டியைக் கையில் எடுத்தாள். மூடியைத் திறந்ததும் உள்ளே கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“காலைலேருந்து கதவைச் சாத்திக்கிட்டு இதுதான் நடந்துச்சா?” என்று வாண்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “எனக்கா செஞ்சே கண்ணு?”

வாண்டு அவரைப் பார்த்தாள். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. அவர் தரையில் கிடந்த மஞ்சள் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

“இல்ல ஆன்ட்டி, இது எங்க அம்மாவுக்கு. அவங்களுக்கு உடம்பு நல்லாயிடுச்சாம், சாயங்காலம் என்னைக் கூட்டிட்டுப் போக வர்றாங்க.”