மேல் வரிசையின் தேதி

பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசு அட்டவணையில் ஒரு வரிசை சேர்ப்பார்கள். ரத்தப் பரிசோதனை சொல்லும் அதன் இறப்புத் தேதியையும் நிரப்பினால்தான் கணினி ஏற்கும்.

பதிவு அலுவலகக் கவுன்டருக்கு வந்த அமுதவல்லி, பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினாள். "நேத்தோட இவ தேதி முடிஞ்சிருச்சுங்க. ராத்திரி பூரா மடியிலயே வச்சிருந்தேன். காலையில எந்திரிச்சுப் பசிக்குதுங்கறா."

ஆபரேட்டர் ஜெனிபர் பழைய பதிவைப் பார்த்தாள். சிறுமி பிறந்தபோது வேலை அவசரத்தில் மேல் வரிசையை நகலெடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறாள். தேதி வேறொரு குழந்தையுடையது.

"என் தப்புதாங்க. ரத்த ரிப்போர்ட்படி இவளுக்கு இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல இருக்கு. இப்பவே புது வரிசை சேர்த்துடறேன். பாப்பா, இந்தப் படிவத்துல உன் பேரை எழுது."

சிறுமி பேனாவைத் தொடவில்லை.

"எழுதத் தெரியாதுங்க," என்றாள் அமுதவல்லி. "பத்து வயசுல போகப்போறவளுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்னு விட்டுட்டோம்."