ஓநாய் நனையுது

முதலாளி அழுது நீங்க பார்த்திருக்கீங்களா? இஸ்திரிக்காரம்மா பார்த்தா. அதுவும் டிவியில இல்லை, டிவி ஸ்டுடியோவுக்குள்ளயே, கை நீட்டினா தொடற தூரத்துல உட்கார்ந்து பார்த்தா.

"வரியைக் குறைச்சா யாருக்கு லாபம்?"னு விவாதம். அந்தப் பக்கம் ஃபேக்டரி முதலாளி. இந்தப் பக்கம், 'சாமானியர்'னு பலகை வெச்ச மேஜையில இவ. நடுவுல ஒரு பொருளாதார மேதை. யாரு எதைச் சொன்னாலும் தலையாட்டறதுக்குன்னே வந்தவர் மாதிரி இருந்தாரு.

இவளைத் தெருவே கூடி அனுப்பி வெச்சிருந்தது. வரி குறைஞ்சா செலவுக்குப் பணம் பத்தாது, தெருக்கோடி இலவச ஆஸ்பத்திரியை மூடிடுவோம்னு மேலிடத்துல பேச்சு. அங்க குடுக்கற மாத்திரையிலதான் இவ வீட்டுக்காரரோட மூச்சு ஓடிட்டு இருக்கு.

"வேற கதையெல்லாம் பேசாதே. ஆஸ்பத்திரியை மூடாதீங்கன்னு மட்டும் சொல்லிட்டு வா"ன்னு அவர் இழுத்து இழுத்து மூச்சு வாங்கிச் சொல்லி அனுப்பியிருந்தாரு.

மேதை ஆரம்பிச்சாரு. "மேல ஊத்தற தண்ணி கீழ வடிஞ்சுதானே ஆகணும்? பெரியவங்களுக்கு வரி குறைஞ்சா, அந்தப் பலன் தானா ஏழைங்க கிட்ட வந்து சேரும்."

"மாடி வீட்டுல இருந்து எங்களுக்கு வடியறது அவங்க குளிச்ச தண்ணி மட்டும்தாங்க"ன்னா இஸ்திரிக்காரம்மா.

கேமராவுக்குப் பின்னாடி நின்னவங்களே சிரிச்சுட்டாங்க. நிகழ்ச்சி நடத்துற பொண்ணுக்கு மட்டும் முகம் சுருங்கிப் போச்சு. முதலாளி பக்கம் திரும்பி, 'ம்'னு கண்ணைக் காட்டினா.

முதலாளி தொண்டையைச் செருமினாரு. கோட்டு என்னவோ நல்ல கோட்டுதான். ஆனா ரொம்ப நாள் மடிச்சுக் கிடந்த தடம் மாருக்குக் குறுக்கால கோடு கோடா ஓடுச்சு. அதைப் பார்த்ததும் இவளுக்குக் கை அரிச்சது. 'ஐயோ பாவம், இவ்வளவு பெரிய மனுஷனுக்கு வீட்டுல இஸ்திரி போட்டுக் குடுக்க ஒரு நாதி இல்லையே'ன்னு அங்கேயே மனசு பாதி இளகிருச்சு.

"வரி கட்டிக் கட்டியே நான் ஓட்டாண்டி ஆயிட்டேன். ராத்திரி தூக்கம் இல்லை, வாய்க்கு ருசி இல்லை. நாளைக்கு ஃபேக்டரியை மூடிட்டா நான் எங்கே போவேன்? எனக்கு இதை விட்டா வேற போக்கிடம் இல்லம்மா!"

கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைச்சாரு. துடைச்ச அப்புறம் கொட்டுச்சு பாருங்க கண்ணீர், பொலபொலன்னு! கன்னம் நனைஞ்சு, கோட்டு நனைஞ்சு, மேஜை வரைக்கும் சொட்டுச்சு.

"இப்பச் சொல்லுங்கம்மா," நடத்துற பொண்ணு இவகிட்ட குனிஞ்சா. "இதைப் பார்த்த பிறகும் வரியைக் குறைக்கக் கூடாதுன்னு சொல்வீங்களா?"

ஆஸ்பத்திரி நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா எதிர்ல ஒரு ஆம்பளை குலுங்கிக் குலுங்கி அழறாரே, என்னத்தைச் சொல்ல?

"ஐயா, அழாதீங்க. நல்லாவே இல்லை," இவளும் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "அவருக்குக் குறைச்சுட்டுப் போங்கம்மா. நாங்க எப்படியோ சமாளிச்சுக்குவோம்."

"சாமானியரே சொல்லிட்டாங்க!"ன்னு அந்தப் பொண்ணு கூவினா. மேதை கையே தட்டிட்டாரு. அதோட நேரம் முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்தா வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாரு.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாக் கேள்விப்பட்டிருக்கேன். ஓநாய் நனையுதேன்னு ஆடு அழுததை இன்னிக்குத்தான்டி பார்க்கறேன்."

"நீங்க அவர் கண்ணைப் பார்க்கலை. பார்த்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க. சிவந்து, வீங்கி..."

"நீ என் மூச்சைப் பார்த்தியா?"

இவ மாத்திரை டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தா, ஒண்ணுதான் கிடந்துச்சு.

மறுநாள் காலையில மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனா. வரிசையில நின்ன தெருக்காரங்க யாரும் இவகிட்ட முகம் குடுத்துப் பேசலை. முந்தானையைத் தலையோட இழுத்துப் போர்த்திக்கிட்டுக் கடைசியா போய் நின்னா.

"எல்லாரும் கேட்டுக்குங்க, இந்த மாசத்தோட இதை மூடறாங்க"ன்னு நர்சம்மா சத்தமாச் சொன்னாங்க. "நேத்து டிவியில சாமானியரே சரின்னுட்டாங்களாம்."

இவளுக்கு முன்னாடி நின்னவரோட முறை வந்துச்சு. காலர் கிழிஞ்ச சட்டை, தேஞ்ச செருப்பு.

"உங்களுக்கு என்னங்க?"

"கண்ணு ரெண்டும் எரியுதும்மா. நேத்து அரை நாள் கூலிக்கு ஒரு இடத்துல அழப் போனேன். கைக்குட்டையில தைலத்தைக் கொஞ்சம் தாராளமாத் தடவிக் குடுத்துட்டாங்க."

இஸ்திரிக்காரம்மா முந்தானையை விலக்கிப் பார்த்தா. அதே முதலாளி. அதே கண்ணு. சிவந்து, வீங்கி.

அவர் நர்சம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு.

"மூடிடாதீங்க. எனக்கு இதை விட்டா வேற போக்கிடம் இல்லம்மா."