ஓங்கிய கை

நான்காவது டேக்கிலும், மாமியார் வேடத்தில் இருந்த குமுதினியின் கை புதுமுகம் அனகாவின் கன்னத்தருகே நின்றுவிட்டது.

"பாதி பம்பாய் ஹீரோயின்களை அறைஞ்ச கை. இவ கன்னத்துல என்ன தேன்கூடா இருக்கு?" என்றார் கேமராமேன்.

இயக்குநர் அனகாவிடம் வந்தார். "குமுதினிஜியை மாத்த முடியாதும்மா. இந்தத் தடவையும் போச்சுன்னா உன்னைத்தான் மாத்தணும்."

அனகா குமுதினியின் காதில் ஏதோ சொன்னாள்.

அறை விழுந்தது. அனகா அழவில்லை. கலங்கிய கண்களோடு மெல்லச் சிரித்து, வசனத்தைச் சொன்னாள். 'கட்' சொல்ல மறந்து நின்றார் இயக்குநர். மேலே பரணில் விளக்குக்காரர்கள் கைதட்டினார்கள்.

"அப்படி என்னதான் சொன்னா குமுதினிஜி?" என்று கேட்டார் இயக்குநர்.

குமுதினி தன் கையையே பார்த்தபடி சொன்னார்.

"'உங்க பேரைச் சொல்லாமத்தானே இந்த வேஷம் வாங்கினேன்? இங்க நான் உங்க மக இல்லம்மா. அடிங்க'ன்னு சொன்னா."